கைத்திறன் இருக்கிறது, காகிதம் எங்கே?

1964-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள். மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரம், டாய்ட்ஸ் இரயில் நிலையம். போர்ச்சுகல் நாட்டுத் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு ஒரு இரயில் வந்து நிற்கிறது. இசைக்குழு முழங்குகிறது! மலர்ச்செண்டு காத்திருக்கிறது! முதலாளிமார் சங்கத்தார் ஒருபுறம், பத்திரிகைக்காரர்கள் ஒருபுறம். ஒலிபெருக்கி ஒரு பெயரைக் கூவுகிறது: அர்மாண்டோ ரோட்ரிகஸ்! பெயருக்குரியவரோ பதறுகிறார். 'ஐயோ, என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்களோ?' என்று அஞ்சுகிறார். இல்லையாம்! அவர்தான் அந்நாட்டுக்கு வந்த பத்து இலட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளியாம்! அவருக்கு ஒரு சிறு மோட்டார் சைக்கிளைப் பரிசளித்தார்கள், அதன்மேல் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். வண்டி இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தை உலகமே பார்த்தது.

அந்த 38 வயது மனிதர் என்ன தொழில் தெரிந்தவர் தெரியுமா? தச்சர்! மரமறிந்தவர், உளியறிந்தவர். ஆனால் அவர் புகழ்பெற்றது தச்சுக்காக அல்ல. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கைக்காக! தலையை எண்ணினார்கள், தலைக்குள் இருந்ததை எண்ணினார்களா? கூட்டத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்களா? அவர் பின்னர் நோயுற்று ஊர் திரும்பினார். சேர்த்த பணத்தை மருத்துவத்துக்கே கொட்டினார். ஜெர்மன் காப்பீட்டிலிருந்து தமக்கு உதவி பெற உரிமையுண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. 1979-இல் மாண்டார். வரவேற்பில் இசை இருந்தது, மலர் இருந்தது, வண்டி இருந்தது. உரிமை பற்றிய விவரம் மட்டும் இல்லை!

ஏனய்யா இந்தப் பழங்கதை, என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இன்றைக்கு அதே ஜெர்மனி மறுபடியும் ஆள் தேடுகிறது. இம்முறை நம் நாட்டையும் நோக்கிக் கை நீட்டுகிறது. 2022 டிசம்பரில் இந்திய அரசும் ஜெர்மன் அரசும் குடிபெயர்வு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழில்திறன் உடைய இந்தியருக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக்குவோம் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து செவிலியர் போகிறார்கள், பொறியாளர் போகிறார்கள், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த பிள்ளைகளும் போக விரும்புகிறார்கள். போகட்டும்! திரைகடல் ஓடியும் திரவியம் தேடச் சொன்ன நாடல்லவா நம் நாடு? ஆனால் இங்கே பத்தாண்டு செய்த தொழில் அங்கே கணக்கில் வருமா, அல்லது விமானம் ஏறும்போதே அது கரைந்துவிடுமா? இதுதான் கேள்வி.

ஜெர்மானியர் தொழிலை மதிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலை அவர்களைப் போல் மதிப்பவர் உலகில் அரிது. அங்கே ரொட்டி சுடுகிறவரும் மூன்றாண்டு பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும். வாரத்தின் பெரும்பகுதி பட்டறை, எஞ்சிய நாள் பள்ளி என்ற முறை அது. தேர்வு முடித்தவர் தொழிலாளி. அதற்கும் மேலே ஒரு தேர்வு. அதில் தேறியவரே 'மைஸ்டர்'. பல தொழில்களில் மைஸ்டர் இல்லாமல் கடையே திறக்க முடியாது. முடி திருத்தும் கடைகூட! (நம் ஊர் 'மேஸ்திரி' என்ற சொல் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றது. அதுவும் 'மைஸ்டர்' என்பதும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. சொல் இரண்டும் சொந்தம். ஆனால் நம் மேஸ்திரி அங்கே போனால் மைஸ்டருக்குச் சொந்தமில்லை!)

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பயிற்சி முடித்த ஜெர்மன் இளைஞன், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து, கண்ட பட்டறையில் வேலை செய்து, பிற ஊர்க்காரன் கைப்பக்குவத்தைக் கற்று வரும் மரபு அந்நாட்டில் பல நூறு ஆண்டுகளாக உண்டு. மூன்றாண்டும் ஒரு நாளும் வெளியில் திரிய வேண்டும், அதுவரை சொந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது விதி. கறுப்பு உடையும் அகன்ற தொப்பியுமாக அந்த மரபை இன்றும் சிலர் காத்து வருகிறார்கள். ஊர்விட்டு ஊர் வரும் கைக்கு மரியாதை உண்டு என்று உலகுக்குக் காட்டிய நாடு அது! அந்நாட்டுக்குத்தான் இப்போது டமாஸ்கசிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் கை புரியவில்லை.

புரியவில்லையா? புரிந்துகொள்ளத் தெரியவில்லையா? இரண்டும் அல்ல என்பதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது.

1955-இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1960-இல் ஸ்பெயின், கிரீஸ், 1961-இல் துருக்கி, 1964-இல் போர்ச்சுகல், 1968-இல் யூகோஸ்லாவியா. 1973-இல் 'போதும்' என்று கதவை அடைக்கும் வரை ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். இஸ்தான்புல் நகரில் ஜெர்மன் ஆள்சேர்ப்பு அலுவலகம் இருந்தது. அங்கே வரிசையில் நிறுத்திப் பல்லைப் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள். முதலாளி 'எனக்குத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்' என்று கேட்டிருந்தால், தொழிலையும் சோதித்துப் பார்த்தார்கள்! ஆக, கையைச் சோதிக்கும் வித்தை அன்றே தெரிந்திருந்தது. முதலாளிக்கு வேண்டியபோது சோதித்தார்கள். தொழிலாளிக்கு வேண்டியபோது சோதிக்கவில்லை. பெரும்பாலோரைச் சுரங்கத்திலும், கார்த் தொழிற்சாலை வரிசையிலும், கட்டுமானக் களத்திலும் நிறுத்தி, 'தொழில் கல்லாதவர்' என்ற பட்டியலில் பெயரெழுதினார்கள். தையற்காரரும் தொழில் கல்லாதவர், கொல்லரும் தொழில் கல்லாதவர்!

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. 1963 முதல் தென்கொரியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளர் என்று சொல்லி எண்ணாயிரம் பேர் அளவில் தருவித்தார்கள். அவர்களில் பலர் படித்த இளைஞர்கள். ஊரில் வேலை இல்லை. எனவே சுரங்கத்தைக் கண்ணால் பாராதவரும் சுரங்கத் தொழிலாளி என்று பதிந்துகொண்டு போனார்கள். தொழில் தெரிந்த துருக்கியன் தெரியாதவன் ஆனான், தொழில் தெரியாத கொரியன் தெரிந்தவன் ஆனான். பட்டியல் எழுதுகிறவனுக்கு உடல் போதும் என்றால் இப்படித்தான் ஆகும்.

சரி, அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் திறமையை ஏற்கச் சட்டமே இல்லையா? இருந்தது! 1953-ஆம் ஆண்டிலேயே இருந்தது! போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியருக்காக ஒரு சட்டம் இயற்றினார்கள். அவர்கள் விட்டுவந்த ஊரில் எழுதிய தேர்வையும் பெற்ற சான்றையும் இங்கேயும் ஏற்க வேண்டும் என்று அதில் விதி செய்தார்கள். நல்ல சட்டம், நெஞ்சாரப் பாராட்டுகிறேன். வீடிழந்து வந்தவனைத் தொழிலும் இழக்கச் செய்யாத சட்டம். ஆனால் அது யாருக்கு? ஜெர்மன் வழியில் பிறந்தவருக்கு. போலந்து மண்ணில் ஒரே பட்டறையில் இருவர் தொழில் கற்றிருந்து, ஒருவர் பாட்டனார் ஜெர்மானியர், மற்றவர் பாட்டனார் போலந்துக்காரர் என்றால், முன்னவருடைய தேர்வுக்குச் சட்டம் துணை நின்றது. பின்னவருக்குச் சட்டம் வாய் திறக்கவில்லை. கற்றது ஒன்று, கை ஒன்று, கருவி ஒன்று. பிறப்பு மட்டும் வேறு! பிறப்பைப் பார்த்துத் தொழிலுக்கு மதிப்புப் போடுவது எப்படிப்பட்டது என்று நம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு அந்தக் கதவு எப்போது திறந்தது? 2012 ஏப்ரல் முதல் நாள்! ஐம்பத்தொன்பது ஆண்டு இடைவெளி! 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர் தப்பி அந்நாடு சேர்ந்த நம் தமிழ் மக்கள் பலர், அந்த இடைவெளியில் அகப்பட்டவர்கள்தாம். படித்தவரும் பணி பார்த்தவரும் உணவகத்துச் சமையற்கட்டில் தட்டுக் கழுவிய கதையை அங்கே எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும்.

2012-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் நிலை மாறியது, மறைக்க வேண்டாம். எந்த நாட்டவரானாலும், வெளிநாட்டில் இருந்தபடியேகூட, 'என் படிப்பை உங்கள் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்' என்று விண்ணப்பிக்கும் உரிமை வந்தது. காகிதங்கள் எல்லாம் சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் விடை சொல்ல வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வணிகத் தொழில்களுக்கும் ஆலைத் தொழில்களுக்கும் நியூரம்பர்க் நகரில் ஒரே மைய அலுவலகம் அமைத்தார்கள். 2023-இல் மட்டும் 65,000-க்கு மேற்பட்டோரின் வெளிநாட்டுத் தகுதிகள் ஏற்கப்பட்டன, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் செவிலியர். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்வதில் நமக்கென்ன நட்டம்?

ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு வார்த்தை ஒளிந்திருந்தது: 'சான்றிதழ்'. அரசு ஏற்ற பயிற்சி, அதை முடித்ததற்குச் சான்றிதழ். அதை வைத்திருப்பவர் வரலாம், பேசலாம். இல்லாதவர்?

2015-இல் ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் ஜெர்மனியில் அடைக்கலம் தேடினர். சிரியாக்காரர்களே மிகுதி. அந்நாட்டில் தச்சும், கொல்லும், கார் மெக்கானிக் வேலையும் பெரும்பாலும் கடையில் கற்பவை. தந்தையிடம் கற்பான், மாமனிடம் கற்பான், பதினைந்து ஆண்டு செய்வான். அவனிடம் போய், 'சான்றிதழ் எங்கே?' என்றால்? குண்டு விழுந்த வீட்டில் எரிந்துபோனது என்பான் ஒருவன். 'எனக்கு யாரும் எழுதியே தரவில்லையே' என்பான் இன்னொருவன்.

இந்த இருவரையும் சட்டம் வேறு வேறாகப் பார்த்தது. காகிதம் எரிந்துபோனவனுக்கு வழி உண்டு. அவனைப் பட்டறைக்கு அழைப்பார்கள். தொழிற்சபை வல்லுநர் ஒருவர் அருகில் நிற்பார். 'இந்த வண்டியில் என்ன பழுது, கண்டுபிடி' என்பார். அவன் கண்டுபிடிப்பான், கழற்றுவான், பூட்டுவான், ஏன் அப்படிச் செய்தான் என்று விளக்குவான். தெரிந்தது எது, தெரியாதது எது என்று வல்லுநர் எழுதித் தருவார். எவ்வளவு நேரிய முறை! பொய்ச் சான்றிதழ் காட்டி ஏமாற்றலாம். ஓடாத இயந்திரத்தைப் பொய் சொல்லி ஓட்டிவிட முடியுமா? ஆனால், வந்து குவியும் விண்ணப்பங்களுக்கு நடுவே இப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆளும் நேரமும் செலவாகிறதே, அதுதான் காரணம்.

காகிதமே பெறாத இரண்டாமவனுக்கோ அந்தச் சட்டத்தில் அந்தச் சோதனையும் இல்லை. எரிந்துபோன காகிதத்துக்கு மதிப்பு உண்டு, எழுதப்படாத காகிதத்துக்கு இல்லை! கை இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் இல்லை!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 'கை காட்டினால் போதுமென்று மின்கம்பியைத் தொடவும், எரிவாயுக் குழாய் பூட்டவும், ஊசி போடவும் கண்டவரை விடலாமா?' விடக்கூடாது! நானும் அதைத்தான் சொல்கிறேன். சோதிக்காமல் விடு என்று சொல்லவில்லை, சோதி என்கிறேன். காகிதத்தைச் சோதிப்பதோடு நில்லாமல் கையைச் சோதி என்கிறேன். செவிலியர் ஜெர்மன் மொழி கற்க வேண்டும் என்பதும் சரியே; நோயாளி வலிக்கிறது என்று சொல்வது புரியாமல் மருந்து எப்படிக் கொடுப்பது?

தொழிற்சங்கத்தார் சிலர் வேறு வகையில் அஞ்சுகிறார்கள். வெளியூரான் தகுதியை எளிதாக ஏற்றால் நம் கூலி குறையும் என்று. உழைப்பாளியின் அச்சம் அது; ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் தோழர்களே, கணக்கைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்ய வேண்டியவன் யார்? தகுதி ஏற்கப்பட்டவனா, ஏற்கப்படாதவனா? ஏற்கப்பட்டவன் சங்கம் பேசி வாங்கிய கூலியைக் கேட்பான். ஏற்கப்படாதவன்தான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தச்சு வேலை செய்துவிட்டு, எடுபிடிக் கூலியோடு வீடு போவான். கூலியைக் குறைப்பது வெளியூரான் கை அல்ல, அவன் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் 'தொழில் கல்லாதவர்' என்ற சொல்!

செவிலியர் நிலையைப் பாருங்கள். நம் நாட்டில் முறையாகப் படித்து, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் பணி பார்த்த பெண் அங்கே போகிறாள். படிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, 'இன்னின்ன பாடம் குறைகிறது' என்று எழுதுகிறார்கள். பயிற்சி பெற வேண்டும், அல்லது தேர்வு எழுத வேண்டும். அதுவரை அவள் முழுச் செவிலியர் அல்ல, உதவியாளர். சம்பளமும் உதவியாளர் சம்பளமே. ஆனால் அவள் கை உதவியாளர் கையாகவா மாறிவிடும்? நோயாளியின் முகம் வெளுப்பதை முதலில் கண்டுகொள்ளும் அந்தக் கண், சம்பளத்துக்கேற்பப் பாதி மூடிக்கொள்ளுமா? மருத்துவமனைக்கு அனுபவம் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வு மூன்று மாதம் தள்ளிப்போனால் மூன்று மாதம் இலவசம், ஓராண்டு தள்ளிப்போனால் ஓராண்டு இலவசம். செவிலியர் தகுதியை முடிவு செய்வது அந்தந்த மாநில அலுவலகம், மாநிலங்களோ பதினாறு! தாமதத்தால் யாருக்கு இலாபம் என்று கேட்டால், தாமதம் ஏன் நீள்கிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். அலுவலர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை, அந்தப் பெண்ணுக்கு மட்டுமே நட்டம் என்னும்போது, யார் அவசரப்படுவார்கள்?

அந்நாடும் தன் தவற்றை மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறது. 2024 மார்ச் முதல் புதுவழி ஒன்று திறந்தார்கள். தன் நாட்டு அரசு ஏற்ற இரண்டாண்டுப் பயிற்சியும், இரண்டாண்டு அனுபவமும், குறித்த அளவுக்கு மேல் சம்பளம் தரும் வேலையும் இருந்தால், உரிமம் தேவைப்படாத தொழில்களில் ஜெர்மன் ஒப்பீடு இல்லாமலே வேலைக்கு வரலாம். 2025 சனவரி முதல் இன்னொன்று. 25 வயது நிரம்பி, ஒரு தொழிலின் பயிற்சிக் காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலைச் செய்தவர், சான்றிதழே இல்லாவிட்டாலும், 'என் திறனைச் சோதித்து எழுதிக் கொடு' என்று தொழிற்சபையிடம் கேட்கலாம். மூன்றாண்டுப் பயிற்சித் தொழிலென்றால் நாலரை ஆண்டு அனுபவம். எழுதப்படாத காகிதக்காரனுக்கு முதன்முறையாகச் சட்டத்தின் வாயிலில் ஓர் இடம்! பிரான்சு நாடு அனுபவத்தைக் கொண்டு பட்டம் பெறும் சட்டத்தை 2002-இலேயே செய்துவிட்டது. ஜெர்மனிக்கு இன்னும் இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. பரவாயில்லை, வந்ததே!

ஆனால் 25 வயது, ஒன்றரை மடங்கு என்பதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து, வீடு பிடித்து, மொழி பழகியவனுக்கான கணக்கு. புறப்பட நிற்கிறவனுக்கு? இங்கேதான் நம் ஆட்சியாளர்கள் வாய் திறக்க வேண்டும். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் என்று பேசி வந்தீர்களே, அந்தத் தொண்ணூறாயிரம் பேரும் எந்தப் படியில் ஏறுவார்கள் என்று பேசினீர்களா? தொழிற்பயிற்சி நிலையத்து இரண்டாண்டுச் சான்றிதழ் அந்நாட்டுத் தொழிலில் எந்த அளவுக்கு ஈடு என்பதைத் தொழில்வாரியாக எழுதி வாங்கினீர்களா? ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டு, தனித்தனியாக மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்டி, தனித்தனியாகக் காத்திருக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்கென்று அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது. அரசு நிறுவனம். ஏமாற்று முகவர்களிடம் சிக்காமல் நம் பிள்ளைகளை அனுப்பவே அது. செவிலியருக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்கிறது. பாராட்டுவோம், மேலும் கேட்போம். அனுப்பும் பெண்ணின் கையில் விமானச் சீட்டோடு ஒரு தாளும் இருக்க வேண்டும்: தகுதி ஒப்பீட்டின் முடிவு என்ன, குறையும் பாடம் எது, தேர்வு எந்த மாதம், செலவு யாருடையது, உதவியாளர் சம்பளம் எந்த நாளோடு முடிகிறது. இவை எழுதப்படாத ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திடக் கூடாது. 1964-இல் அந்தத் தச்சருக்கு மோட்டார் சைக்கிளோடு இப்படி ஒரு தாளையும் கொடுத்திருந்தால், கடைசிக் காலத்தில் சேமிப்பையெல்லாம் மருந்துக்குக் கொட்டியிருக்க மாட்டார்.

சான்றிதழ் இல்லாத வெல்டருக்கும், கடைசல்காரருக்கும், குழாய் வேலைக்காரருக்கும் என்ன வழி? நம் நாட்டில் தொழில் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாமே! கிண்டியில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே லேத் இருக்கிறது, வெல்டிங் கருவி இருக்கிறது. இந்திய-ஜெர்மன் வணிகச் சபைக்குச் சென்னையில் அலுவலகமும் இருக்கிறது. ஜெர்மன் தொழிற்சபையிலிருந்து ஆண்டுக்கு நான்கு முறை வல்லுநர்கள் வரட்டும். நம் ஆள் பக்கத்தில் நின்று, கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, ஒரு நாள் முழுக்க வேலை செய்து காட்டட்டும். மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்கட்டும். மாலையில் வல்லுநர் தாம் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாள் நியூரம்பர்க்கிலும் செல்லும் என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு டெல்லியிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு புறப்படும் அமைச்சர், அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு வரட்டும்.